மின்னலின் சுருக்குவழிகள்

அந்த டயர் கம்பெனியின் நெட்வொர்க் அறையில் அவனுக்கு மின்னல் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். அவனே வைத்துக்கொண்டதுதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே, தன்னை இங்கே மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஓர் ஆள் அறிமுகம் செய்துகொண்டால், பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்? கூப்பிட்டார்கள். நாளடைவில் அவனுடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

கம்பெனிக்கு ஊரெல்லாம் கடைகள், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரவுட்டர். கடையில் போடுகிற பில்லையும் கிடங்கில் கிடக்கிற சரக்குக் கணக்கையும் சரியான கம்பியில் சரியான திசைக்கு அனுப்பிவைக்கிற பெட்டி அது. அதற்கு எது எங்கே போகவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க கமாண்ட் தட்டவேண்டும். முழுசாகத் தட்டவேண்டிய கட்டாயமில்லை. வேறொரு கமாண்டோடு குழப்பம் வராத அளவுக்கு முதல் சில எழுத்துகள் போதும், மிச்சத்தை ரவுட்டரே புரிந்துகொள்ளும். கான்ஃபிகர் டெர்மினல் என்பதற்கு கான்ஃப் டி. ஷோ ரன்னிங் கான்ஃபிகரேஷன் என்பதற்கு ஷோ ரன். செய்ததைச் சேமித்துவைக்க ரைட் மெமரி. அதற்கு டபிள்யூ, ஆர் என்று இரண்டே எழுத்து. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் இப்படித்தான் தட்டுகிறார்கள். செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி, அதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. நம்ம ஆள் மட்டும் செருப்பு மாட்டத் தெரிந்ததற்கே கைதட்டல் எதிர்பார்த்தான்.

எல்லாருக்கும் தெரிந்த சுருக்கம் அவனுக்குப் போதவில்லை. எல்லா ரவுட்டரிலும் தனக்கென்று ஒற்றை எழுத்துக் கமாண்டுகளை உருவாக்கி வைத்தான். இசட் என்று தட்டினால் எந்தக் கம்பி உயிரோடு இருக்கிறது என்று தெரியும். க்யூ என்று தட்டினால் எந்தக் கடை அதிகமாக டேட்டா இழுக்கிறது என்று தெரியும். அதுவும் போதாதென்று கீபோர்டின் மேல்வரிசை விசைகளில் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிக் கமாண்டுகளைக் கோத்து வைத்தான். விசையை ஒரு தடவை அழுத்தினால் அத்தனை வரியும் ஒரே மூச்சில் ரவுட்டருக்குப் போய்விடும், கடைசி வரியாகச் சேமிக்கிற கமாண்டும் உட்பட. வேலையை முடித்துவிட்டு அதைச் சேமிக்கத் தனியாக இரண்டு எழுத்துத் தட்டுவதுகூட அவனுக்குச் சோம்பேறிகளின் வேலையாகத் தோன்றியது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல் என்று இருந்ததையும் அவன்தான் ஒழித்தான். எதற்கு வீண் தொல்லை? எல்லாரும் அவன் பெயரிலேயே உள்ளே போகட்டும், ஒரே கடவுச்சொல், ஒரே தட்டு.

தெரியாததைக் கேட்பதற்கென்று ரவுட்டரில் கேள்விக்குறி விசை உண்டு. அழுத்தினால் அடுத்து என்னென்ன தட்டலாம் என்று அதுவே சொல்லும். அதை யாராவது அழுத்திவிட்டால் போதும், மின்னல் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் கேள்விக்குறியைத் தொடுவதை விட்டார்கள். மீதிப் பேர் ரவுட்டரைத் தொடுவதையே விட்டார்கள். எதற்கெடுத்தாலும் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்றுகொண்டே நாலு எழுத்தைத் தட்டிவிட்டு, என்ன செய்தான் என்று சொல்லாமலே போய்விடுவான். மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவன் ஒருநாள் லீவு போட்டால் கம்பெனியே படுத்துவிடும் என்பார். அதைக் கேட்டு அவன் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். வெட்கமாவது, மண்ணாவது! உள்ளுக்குள்ளே குளிர்ந்துபோய்க் கிடப்பான்.

இந்தப் பெருமையெல்லாம் அவன் மனைவிக்கு எந்த விதத்திலும் பயன்படவில்லை. அவள் பல் டாக்டர். தலைமை அலுவலகம் இருக்கிற நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்து, பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாள். பின்னாலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லித்தான் அவன் அவர்களை ரயிலேற்றினான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மேனேஜர், நீ போய்விட்டால் இங்கே யார் பார்ப்பது என்பார். அவனும் அந்தப் பதிலை என்னவோ பதக்கம் மாதிரி எடுத்துவந்து மனைவிக்குப் போனில் சொல்வான். முதல் சில தடவை அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். இந்த முறை தலைமை அலுவலகத்தில் அவன் வேலைக்கே ஓர் இடம் காலியாகி, விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் அவள் நிதானமாகப் பேசினாள். அவள் கத்தியிருந்தால் அவன் பயந்திருக்கமாட்டான்.

"பாப்பாவை ஸ்கூல்ல சேக்கறப்போ அப்பா எங்கேன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல விடமாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். சொல்றதுக்கு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. இந்த இடமும் போச்சுன்னா அப்புறம் நீ வரவே வேணாம். நான் சும்மா சொல்லலை."

காலேஜில் ஒரே பஸ்ஸில் போய்வந்த காலத்திலிருந்து அவளை அவனுக்குத் தெரியும். சும்மா சொல்கிற ஆள் இல்லை. மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

மேனேஜர் ஒன்றும் கெட்டவர் இல்லை. தூக்கம் கெடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஒரே கொள்கை. இன்னொருத்தருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடு, அவர் நீ கை வைக்காமல் ஒரு பெரிய வேலையைச் செய்து காட்டட்டும், அன்றைக்கே உன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவர் கைகாட்டிய ஆளைப் பார்த்ததும் மின்னலுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது முழுநீளம்.

முழுநீளம் என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். அதே அறையில், அதே பட்டத்தோடு, இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவள். எந்தக் கமாண்டையும் கடைசி எழுத்து வரைக்கும் தட்டுவாள். தட்டும்போதே பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாய்க்குள் முணுமுணுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய தலைவலி. சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் மின்னல் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. கேள்விக்குறியை அவள் கூச்சமே இல்லாமல் அழுத்துவாள். அவன் திரும்பிப் பார்த்தால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பாடம் ஆரம்பித்த அன்று அவன் தன் ஒற்றை எழுத்துகளைப் பற்றிப் பெரிய பீடிகை போட்டான். இதெல்லாம் வருஷக்கணக்கில் விரலில் ஏறினது, வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும் என்றான். அவள் ரவுட்டரில் ஷோ ஏலியஸ், அதாவது உருவாக்கிவைத்த சுருக்கங்களைக் காட்டு, என்று தட்டினாள். அவன் இத்தனை வருஷமாக அடைகாத்து வைத்திருந்த எழுத்துகளும், எதற்கு எது என்ற அர்த்தமும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. யார் வேண்டுமானாலும் எந்த நாளும் அப்படிப் பார்த்திருக்கலாம். கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. அவள் அதைப் படம் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்றாள். மின்னலுக்குக் காது சிவந்தது.

ஆனாலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தான். வேறு வழி? இவள் தேறினால்தான் அவன் ஊர் போய்ச் சேரமுடியும். அவள் தப்புப் பண்ணினால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது; சந்தோஷப்பட்ட மறுநிமிஷமே, ஐயோ, இது நம் தலையில் அல்லவா விடியும் என்று பதறினான். சரியாகச் செய்தால் ஊருக்குப் போகலாம் என்று நிம்மதி. நிம்மதி வந்த கையோடு, இவளும் செய்துவிட்டாளே என்று நெஞ்சில் ஒரு எரிச்சல். அந்த வாரம் முழுக்க மனுஷன் இப்படித்தான் அல்லாடினான்.

பரீட்சை நாள் வந்தது. கிடங்கின் பழைய கம்பியை விட்டுவிட்டுப் புதுக் கம்பிக்கு மாற்றவேண்டும். வேலை என்னவோ நாலு வரிதான். ஆனால் ரவுட்டர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், வேலை செய்கிற ஆள் இருப்பது இங்கே. பேசிக்கொண்டிருக்கிற கம்பியையே மாற்றும்போது, லைன் கம்பெனி கொடுக்கிற முகவரி எண்ணில் ஒன்று தப்பினால் ரவுட்டரோடு பேச்சே அறுந்துபோகும். பிறகு யாராவது நேரில் போய் அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் உண்டு.

இதற்கு இந்தத் தொழிலில் ஒரு தற்காப்பு இருக்கிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, இன்ன நேரத்துக்குப் பிறகு நீயே உன்னை அணைத்துப் போட்டுக்கொள் என்று ரவுட்டரிடம் சொல்லிவைத்துவிடுவார்கள். புதிதாகத் தட்டியதைச் சேமிக்காமல் வைத்திருந்தால், மறுபடி எழும்போது அதற்குப் பழையது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நீங்கள் என்ன குளறுபடி செய்திருந்தாலும் காணாமல் போய்விடும். எல்லாம் சரியாக வந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டு, பிறகுதான் சேமிக்கவேண்டும். மின்னல் இதை எந்தக் காலத்திலும் செய்ததில்லை. தப்புப் பண்ணுகிறவர்களுக்குத்தானே அதெல்லாம்!

கிடங்கு ரவுட்டருக்குள் மின்னலின் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான் நுழையமுடியும். அதுவும் அவன் செய்துவைத்த ஏற்பாடுதான். அதனால் முழுநீளம் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் கைகட்டி நின்றான். மத்தியானம் தான் வெளியூர் கிளம்பவேண்டும், அதற்குள் முடித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் முதலில் ரவுட்டரைத் தானாக அணைந்து எழச் சொல்லிவைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினாள். இடையிடையே கேள்விக்குறி. மின்னலின் விரல்கள் காற்றிலேயே தட்டிக்கொண்டிருந்தன. கம்பியை மாற்றுகிற கடைசி வரிகளுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"போன வாரம் லைன்காரங்க குடுத்த நம்பர்தான் இப்பவும் இருக்கான்னு ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்," என்று போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். அந்த அறைக்குள் போன் சிக்னல் எடுக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மின்னலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவள் எண்ணைக் கேட்டு, எழுதி, அதைத் திருப்பிப் படித்துக் காட்டி, நன்றி சொல்லி, வந்து உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டே தட்டுவதற்குள் மேனேஜர் போய்ச் சேர்ந்துவிடுவார். கையெழுத்து அடுத்த வாரத்துக்குப் போகும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நாளைக்கு. மனைவி பேசியது காதிலேயே இருந்தது. இதே நாலு வரி மேல்வரிசையில் எஃப் ஒன்பது விசையில் தயாராக இருந்தது; போன வாரமே, எதற்கும் இருக்கட்டும் என்று கோத்து வைத்திருந்தான். எண்ணாம் எண்! லைன் கம்பெனி ஒரு தடவை கொடுத்த எண்ணை எதற்கு மாற்றப்போகிறது? அவள் செய்தால் என்ன, அவன் செய்தால் என்ன, வேலை முடிந்திருந்தால் அவள் செய்ததாகத்தானே கணக்கு. யாருக்குத் தெரியப்போகிறது?

குனிந்து ஒரே ஒரு விரலால் அழுத்தினான்.

நாலு வரியும் போயின. வால்பிடித்துக்கொண்டு சேமிக்கிற வரியும் போனது. பிறகு திரை அப்படியே நின்றது. எந்த விசைக்கும் அசையவில்லை.

முழுநீளம் திரும்பி வந்தாள். லைன்காரர்கள் நேற்றுத்தான் எண்ணை மாற்றினார்களாம், நல்லவேளை கேட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பதறவில்லை. எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் ரவுட்டர் தானாக அணைந்து எழும், பழைய நிலைமைக்கு வந்துவிடும், முதலிலிருந்து செய்துகொள்ளலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்னல் வாயைத் திறக்கவில்லை. எஃப் ஒன்பதின் கடைசி வரி என்ன என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்ன நேரத்துக்கு ரவுட்டர் அணைந்தது, எழுந்தது. எழுந்ததும் தனக்குக் கடைசியாகச் சேமித்துக் கொடுத்த தப்பான எண்ணை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துகொண்டது. கிடங்கில் பில் போட முடியவில்லை. லாரிகள் வாசலில் வரிசை கட்டின. கிடங்குப் பொறுப்பாளர் போனில் மேனேஜரைப் பிடித்துக் கத்தியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. மேனேஜர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். யார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது? முழுநீளம். யார் கைகட்டி நின்றது? மின்னல். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் போன் பேசிட்டு வந்தப்போ ஏற்கெனவே நின்னுபோயிருந்துச்சு சார்," என்றாள் அவள், மின்னலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவன் சொல்வதற்கு இடம் விட்டாள். அவன் கார் சாவியைத் தேடினான்.

மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போய், கிடங்கின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்து, ரவுட்டரில் நேராக வயரைச் செருகி, எண்ணை மாற்றினான். எல்லாம் ஓடத் தொடங்கியது. லாரிக்காரர்கள்கூட அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாயங்காலம் ஆபீஸுக்குத் திரும்பியபோது மேனேஜர் பயணத்தை ரத்து செய்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தார். அறையில் இருந்த எல்லாருக்கும் முன்னால் தோளில் கைபோட்டுக்கொண்டார். இவன் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நம் கதி என்ன ஆகியிருக்கும் என்றார். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். முழுநீளம் தட்டவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அவனும் வாயைத் திறந்தான், சத்தியமாகத் திறந்தான். ஆனால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை, அது ஓய்ந்ததும் சொல்லலாம் என்று இருந்தான். அது ஓய்ந்தபோது, "பரவாயில்லை சார், சின்ன விஷயம்தான்," என்று வந்தது. வெட்கங்கெட்ட வாய்!

மறுநாள் காலையில் விண்ணப்பத்தோடு போனபோது மேனேஜர் அதைத் தொடக்கூட இல்லை. நீ போனால் என்ன ஆகும் என்று நேற்றே பார்த்துவிட்டோமே என்றார். அப்போதுதான் நம்ம ஆளுக்குத் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னான்.

"சார், நேத்து அந்த விசையை அழுத்தினது நான்தான். அவங்க ரூம்லயே இல்லை. எண்ணைக் கேக்கத்தான் வெளிய போனாங்க. நான்தான் அவசரப்பட்டு பழைய எண்ணைப் போட்டு, சேவும் பண்ணிட்டேன். அவங்க பண்ணினது எல்லாமே சரி சார். நான் இல்லாம அவங்க நல்லாவே பாத்துப்பாங்க."

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். நிஜமான பாசத்தோடு சிரித்தார், அதுதான் கொடுமை.

"ஏம்ப்பா, பொண்டாட்டிகிட்ட போகணும்னா என்ன வேணா சொல்லுவியா? நேத்து சாயந்தரம் சொல்லலை, இன்னைக்குப் பேப்பரைத் தள்ளினதும் சொல்றே. உன்னை எனக்குத் தெரியாதா? நீ இப்படி ஒரு தப்புப் பண்ணுவேன்னு நான் நம்பணுமா?"

முழுநீளத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றான். கூப்பிட்டார். ஆமாம், அவர்தான் அழுத்தினார் என்று அவள் பட்டென்று சொன்னாள். மேனேஜர் இன்னும் பலமாகச் சிரித்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், ஒருத்தருக்குப் பழி போகவேண்டும், இன்னொருத்தருக்கு மாற்றல் வேண்டும் என்றார். மின்னல் விடவில்லை. எந்த நேரத்தில் யார் உள்ளே இருந்து என்ன தட்டினார்கள் என்று ரவுட்டர் இங்கே ஒரு கம்ப்யூட்டரில் குறித்துவைத்திருக்கும், பாருங்கள் என்று அதை மேனேஜரின் கம்ப்யூட்டரில் திறந்து திரையைத் திருப்பிக் காட்டினான். காட்டிய பிறகுதான் அவனுக்கே கண்ணில் பட்டது. வரிக்கு வரி அவன் பெயர்தான். அவள் தட்டியதிலும் அவன் பெயர், அவன் அழுத்தியதிலும் அவன் பெயர், போன வருஷம் வேலையை விட்டுப் போனவன் தட்டியதிலும் அவன் பெயர்.

"எல்லாத்துலயும் உன் பேருதானேப்பா இருக்கு," என்றார் மேனேஜர். "இதை வச்சு நான் என்னத்தைப் பாக்கறது?"

அவன் திரையைத் திருப்பிப் பழையபடி வைத்தான்.

மேனேஜர் அன்றைக்கே ஒரு நல்ல முடிவும் எடுத்தார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஆள் அனுப்பியே ஆகவேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாரை அனுப்பினால் இங்கே ஒன்றும் நின்றுபோகாது? யோசிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. முழுநீளத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கிடங்கைப் படுக்கவைத்த ஆளை அப்புறப்படுத்தின மாதிரியும் ஆயிற்று, கேட்டதற்கு ஆள் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. சம்பளமும் அங்கே கொஞ்சம் கூடுதல்.

அவள் ஒன்றும் கண்ணீர்விட்டு மறுக்கவில்லை. ஏன் மறுக்கவேண்டும்? தன் மேஜையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். மின்னல் பக்கத்தில் போய் நின்று, மன்னித்துவிடுங்கள் என்கிற மாதிரி என்னவோ இழுத்தான். அவள் டேப்பை இழுத்து ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தாள்.

"நேத்து சொல்லியிருந்தா இந்த இடம் உங்களுக்கு," என்றாள். "இனிமே அதைப் பேசி என்ன? எனக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாது. உங்க வைஃப் அங்கதானே இருக்காங்க? வாடகைக்கு வீடு ஏதாவது கிடைக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்வதாகத் தலையாட்டினான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கடைசியில் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் இருந்தாள் போல, பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். எஃப் ஒன்பது, கிடங்கு, கைதட்டல், மேனேஜரின் சிரிப்பு, முழுநீளத்துக்குப் போன இடம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"அவர் எல்லார் முன்னாடியும் பாராட்டினாரே, அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். எல்லாரும் கை தட்டிட்டு இருந்தாங்க."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றது. அந்த இடத்தை எதையாவது சொல்லி நிரப்பவேண்டியிருந்தது அவனுக்கு.

"நான் என்ன பண்றது சொல்லு. நான் இல்லாம இங்க எதுவும் ஓடாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க," என்றான். அந்த நிலைமையிலும், அவ்வளவு பட்ட பிறகும், அதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு இம்மி நிமிர்ந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"இங்க ஓடுது," என்றாள். "ரெண்டு வருஷமா நீ இல்லாமத்தான் ஓடுது. பாப்பாவும் கேக்கறதை விட்டுட்டா. அந்தப் பொண்ணோட நம்பரை அனுப்பு, வீடு நான் பாத்துக் குடுக்கறேன்."